கணவாய் வெளிச்சம்

"ஐயோ... தில்லைநாதன்!"

காங்கேசன்துறைக் கரையில் எழுந்த அலறல் இராசமலரின் குசினி அடுப்படி வரை கேட்டது.

ஓடினாள்.

கணவாய் மீன் குவியலின் மேல், மண்டை பிளந்து கிடந்தான் அவளுடைய புருஷன்!

அழுகை வரவில்லை. பின்னேரம் வரை வரவில்லை. அதுவே அவளுக்கு எமனாகியது.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அவளை இருத்திவைத்து இன்ஸ்பெக்டர் செபநாயகம் கேட்டார்.

"வள்ளத்தை விக்கச் சொல்லிப் புருஷனோடை சண்டை பிடிச்சனியோ?"

"ஓம்."

"நீயோ அடிச்சனி?"

"இல்லை..."

வேறு யாரோ பேசுவது போலிருந்தது அவளுக்கு. மகளின் முகம்கூட மங்கலாகத்தான் ஞாபகம் வந்தது.

தில்லைநாதனின் அண்ணன் கனகலிங்கம் தோள்சால்வையைச் சரிசெய்தான்.

"பிள்ளையை நான் வளர்ப்பன் ஐயா. வள்ளத்தையும் பாப்பன். நான் சாவகச்சேரியிலை கந்தசஷ்டி விரதம். சேதி கேட்டு இப்பதான் பஸ்ஸாலை இறங்கினனான். கரைப்பக்கமே போகேல்லை!"

பிரேதத்தைப் பரிசோதித்த டொக்டர் மகாதேவி எட்டிப்பார்த்தாள்.

"எல்லாரும் ஒருக்கா எக்ஸ்ரே இருட்டறைக்கு வாங்கோ."

கதவு சாத்தப்பட்டது. கும்மிருட்டு!

"இராசமலர், கையை நீட்டு."

நீட்டினாள். எதுவும் தெரியவில்லை.

ஆனால்... கனகலிங்கத்தின் தோளில்!

சால்வை மடிப்புக்குள் நீலப் பொட்டுகள் மினுங்கின!

"பேயோ டொக்டர்?" இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார்.

"பக்டீரியா! கணவாயோடை ஒட்டி வாழுறது. செத்தவரின்ரை சேட்டுத் துணியிலையும் இதே வெளிச்சம். சாயம் போட்டுப் பாத்தன். சிவப்பாய், வளைஞ்ச கோல் மாதிரி. உந்தச் சால்வையிலையும் அதுதான் வரும், பாருங்கோ. உப்புத்தண்ணி பட்டால் உயிரோடை இருக்கும்... கிணத்து நல்லதண்ணி பட்டால் வெடிச்சுச் செத்துப்போம். சால்வையிலை உப்பும் பூத்திருக்கு. இவர் ரத்தத்தைக் கடலிலைதான் கழுவியிருக்கிறார்!"

"கிணறு கிட்ட இருக்க, கடலிலை ஏன் காணும் தோய்ச்சனீர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கனகலிங்கத்தின் வாய் தானாகத் திறந்தது.

"விரத நாளிலை... மீன் மணத்தோடை கிணத்தடிக்கு எப்பிடிப் போறது...?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்!

இராசமலர் மெல்லத் திரும்பினாள். குரலில் கோபமில்லை. ஒன்றுமேயில்லை.

"மீன் படக்கூடாது... தம்பியின்ரை ரத்தம் படலாமோ, அத்தான்?"

இருட்டில் விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"யோசியாதையும் காணும்!" என்றார் செபநாயகம். "மறியல் கம்பிக்குள்ளை மரக்கறிச் சோறு தரச்சொல்லி எழுதிவிடுறன். உம்மடை விரதம் முறியாது!"