கோலில் வெட்டிய கோடு

கோல் ஒரு விரற்கடை அதிகமாக நின்றது.

ட்வைட் ஹாஃபர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். அறுபத்திரண்டு வயது, சரியாக விடியாத வெளிச்சம், மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். கேபின் வாசலில் சாத்திவைத்திருந்த துப்பாக்கியை எடுத்து, வேட்டைக்காலத்தில் தினமும் காலையில் செய்வதுபோல, மருந்து இடிக்கும் கோலை அதன் வாய்க்குள் இறக்கியிருந்தார். கோலில் கத்தியால் வெட்டிய கோடுகள் இரண்டு. மேல்கோடு குழாயின் வாயோடு ஒட்டி நின்றால் உள்ளே காலி. கீழ்க்கோடு ஒட்டி நின்றால் மருந்தும் குண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நேற்று சாயங்காலம் அவரே தன் கையால் கெட்டித்து, கீழ்க்கோடு ஒட்டி நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். இப்போது கீழ்க்கோடு வாய்க்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

கெட்டித்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் குழாய் வியர்த்து மருந்து நனைந்துவிடும். அதனால் குதிரைக்குக் கீழே கிண்ணியில் இடும் பற்றுமருந்தை மட்டும் துடைத்துவிட்டு, துப்பாக்கியை ராத்திரி முழுக்க வெளிக்குளிரிலேயே விட்டுவைப்பது இந்த மலையில் எல்லோருக்கும் வழக்கம். கிறிஸ்துமஸ் வேட்டைக்குப் பழைய காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. முப்பது வருஷமாக இந்த வாசலில் அப்படித்தான் துப்பாக்கிகள் நின்றிருக்கின்றன. முன்பு மூன்று. இப்போது இரண்டு.

"மச்சான்! பணியாரம் ஆறுது, வர்றியா இல்ல மானுக்குப் போட்டுரட்டுமா?" உள்ளேயிருந்து ராய்ஸின் குரல்.

"வர்றேன் மாப்ள."

ராய்ஸ் பெஃப்லி அவர் தங்கை லோர்னாவின் புருஷன். பன்றியிறைச்சித் துண்டம் முறுகுகிற வாசனையும், கோதுமைப் பணியாரத்தின் புகையும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பியும் கேபினை நிறைத்திருந்தன. ட்வைட் சாப்பிட உட்கார்ந்தார். பணியாரத்தைத் தட்டிலேயே பிய்த்துப் பிய்த்துப் போட்டார்.

"என்ன மச்சான், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நேத்து மருந்த ரெண்டு தடவ ஊத்திட்டேனோன்னு ஒரு சந்தேகம்."

ராய்ஸ் கரண்டியைக் கீழே வைக்காமலே சிரித்தார். "போன மாசம் அடுப்ப அணைக்காம கடைக்குப் போனவன்தானே நீ! வயசாகுதுல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கும், சும்மா போட்டுக் கொழப்பிக்காத. இன்னிக்கு நீ பாறைகிட்ட நில்லு. நான் அந்தப் பக்கமாச் சுத்திவந்து மான உன்கிட்ட ஓட்டிவிடறேன்."

"பாறைகிட்டயா?"

"எம்மெட் நின்ன எடம்னு யோசிக்கிறியா? அவனுக்கு ஒரு மரியாதைனு வச்சுக்கோயேன்."

போன வருஷம் இதே கிறிஸ்துமஸ் வாரத்தில், அந்தப் பாறையருகே அவர்களுடைய மூன்றாவது கூட்டாளி எம்மெட் ஷூயின் துப்பாக்கி அவன் முகத்துக்கு முன்னாலேயே வெடித்துச் சிதறியது. மருந்தை அளவில்லாமல் போட்டுவிட்டான் என்றார்கள். அடுத்த சரிவில் நின்றிருந்த ட்வைட்டின் காதில் வெடிச் சத்தத்துக்குப் பிறகு முதலில் விழுந்தது ராய்ஸின் அழுகைதான். "ஐயோ எம்மெட்டு! நான் அப்பவே சொன்னேனேடா! கேட்டியாடா!" என்று மலையே அதிரும்படி அழுதுகொண்டு ஓடிவந்தான் மனுஷன். அடக்கத்தன்று சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றவனை ட்வைட்தான் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனார். தங்கைக்கு எப்பேர்ப்பட்ட மனுஷன் வாய்த்திருக்கிறான் என்று அன்று நினைத்தார்.

ராய்ஸ் இரண்டாவது கோப்பைக் காப்பியோடு காலணியை இறுக்க உட்கார்ந்ததும், ட்வைட் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனார்.

அங்கே ஈர மரப்பட்டையும் எலிப்புழுக்கையும் நாறின. அவர் துப்பாக்கிக் குதிரையின் வாயிலிருந்து சிக்கிமுக்கிக் கல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கோலின் நுனியில் திருகாணியை மாட்டி, குழாய்க்குள் இறக்கி, ஈயத்தில் அது கடித்துப் பிடிக்கும்வரை மெதுவாகத் திருகினார். கிறீச், கிறீச். ஒவ்வொரு திருகலுக்கும் நிறுத்தி, கேபின் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். கூரையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தபோது கோலை விட்டுவிட்டுக் கொட்டகை மூலையை எட்டிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். எண்ணெய் தடவிய துணியில் பொதிந்து குண்டு வெளியே வந்தது.

அது அவருடைய குண்டு இல்லை.

ஒரே மானை இரண்டு பேர் சுட்டுவிட்டால் யாருடைய குண்டு என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக மூவரும் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். ட்வைட் சிலுவைக்குறி கீறுவார். ராய்ஸ் உருண்டைக் குண்டே போடுவதில்லை, நீளமான கனத்த குண்டுதான். எம்மெட் ஒவ்வொரு குண்டையும் கெட்டிப்பதற்கு முன் கடைவாயில் வைத்து ஒரு கடி கடிப்பான். ஈயம் விஷம்டா முட்டாள் என்று திட்டினால், "மானுக்கு முந்தி நான் ருசி பாக்க வேணாமா?" என்பான்.

உள்ளங்கையில் இருந்த குண்டில் பற்குறிகள் இருந்தன. இரண்டு பெரிய பள்ளம், பக்கத்தில் உடைந்த பல்லின் சின்னக் கீறல். எம்மெட்டின் வாயேதான்.

 துப்பாக்கியைக் கவிழ்த்துப் பின்பக்கம் தட்டினார். வெண்பனியில் முதலில் கொட்டியது சாம்பல் நிறத்தில் பளபளக்கிற மெல்லிய செதில்கள். குனிந்து முகர்ந்தார். வாசனையே இல்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய கரிமருந்து வந்தது, அழுகிய முட்டை நாற்றத்தோடு. அந்தச் செதில்களை அவருக்குத் தெரியும். இந்தக் காலத்து ரைபிள் தோட்டாவுக்குள் போடுகிற புகையில்லா மருந்து. லோர்னா வீட்டு நிலவறையில், ராய்ஸ் தோட்டா செய்கிற மேஜையில், ஒரு டப்பா நிறைய இருந்ததைக் கோடையில் பார்த்திருக்கிறார். பழைய மாதிரிக் குழாயில் அதைப் போட்டால் குழாய் தாங்காது. இந்த மலையில் துப்பாக்கி தொட்ட எவனுக்கும் தெரிந்த விஷயம்.

யாரோ ராத்திரி அவர் குண்டைத் திருகி எடுத்திருக்கிறார்கள். மருந்தின் மேல் இதைக் கொட்டியிருக்கிறார்கள். திருகாணி துளைத்த குண்டை மறுபடி போட முடியாது. தன் நீளக் குண்டைப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். அவருடைய குண்டுப்பை ராத்திரி அவர் தலைமாட்டில் இருந்ததால், கேபினில் கிடந்த செத்தவனுடைய பையில் மிச்சம் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! கேபினில் இருந்தது இரண்டே பேர்.

அப்போது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. இந்த மலையைச் சேர்ந்து வாங்கியபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய பத்திரம். ஒருவர் போனால் அவர் பங்கு பெண்டாட்டி பிள்ளைக்குப் போகாது, மிச்சம் இருப்பவர்களுக்கே. அடியில் எரிவாயு இருக்கிறது, மலையைக் கொடுங்கள் என்று ஒரு கம்பெனிக்காரன் வந்து நின்றபோது ராய்ஸ் கொடுக்கலாம் என்றார். எம்மெட் முடியாது என்றான். ட்வைட்டும் முடியாது என்றார். முந்தாநாள் கீழே கடையில் கல்லாவில் இருந்த கடைக்காரம்மா கேட்டாள்: "என்ன ட்வைட், இந்த வருஷம் கனத்த குண்டும் ரெட்டை மருந்தும் போடப்போறீங்களாமே? ராய்ஸ் சொல்லி ரொம்ப வருத்தப்பட்டாரு." அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். போன வருஷம் எம்மெட்டைப் பற்றியும் இப்படித்தான் ஊரில் முன்கூட்டியே பேச்சு இருந்தது.

அப்போதும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. முப்பது வருஷம் ஒரே தட்டில் தின்றவன். லோர்னாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் மடியில் தலைவைத்து அழுதவன். நான்தான் ஏதாவது கைதவறிச் செய்தேனோ? எம்மெட்டின் குண்டு என் பைக்குள் கலந்துகிடந்ததோ? வயசாகுதுல்ல.

லாரிச் சாவி ராய்ஸிடம் இருந்தது. சாலைக்குப் பதினோரு மைல்.

அவர் கரிமருந்தை அளந்து ஊற்றி, துணி வைத்து, சிலுவை கீறிய குண்டை இறக்கி, கீழ்க்கோடு ஒட்டி நிற்கிறவரை இடித்தார். சாம்பல் செதில்களைக் காலால் பனியில் புதைத்தார். சிக்கிமுக்கிக் கல்லைக் குதிரையின் வாயில் திரும்ப மாட்டி, கடித்த குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கெளம்பலாமா மச்சான்?" கொட்டகை மூலையில் ராய்ஸ் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் பார்வை துப்பாக்கியின் மேல் இருந்தது.

"கெளம்பலாம் மாப்ள."

பாறையருகே ஹெம்லாக் மரங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றன. பனிக்கு மேலே ஒரு பறவைக்கால் தடம்கூட இல்லை. ராய்ஸ் அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டார். கையை அழுத்தினார். "நல்லாப் பதமாச் சுடு மச்சான்" என்றார். கிளம்பி மரங்களுக்குள் மறைந்தார். காலணி பனியில் நொறுங்குகிற சத்தம் கொஞ்சதூரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

மான் ஓட்டுகிறவன் சும்மா நடக்க மாட்டான். மரத்தைத் தட்டுவான், ஹோ ஹோவென்று கத்துவான், சுள்ளியை உடைப்பான். ட்வைட் காத்திருந்தார். பத்து நிமிஷம். அரைமணி. மணிக்கணக்காயிற்று. ஒரு தட்டல் இல்லை. ஒரு கத்தல் இல்லை. பனி கனத்துக் கிளைகள் மெல்ல முனகின. தன் மூச்சு தாடியில் உறைவது அவருக்கே கேட்டது. சூரியன் மரங்களுக்குப் பின்னால் மங்கலாக உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது. மலை முழுக்க யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது.

மான் வரவில்லை. எப்படி வரும்? யாரும் ஓட்டவில்லையே.

வெடிச் சத்தத்துக்குத்தான் காத்திருக்கிறான்.

அவருக்கு ஒன்று தோன்றியது. வெடி கேட்டால் யாரும் ஓடக்கூடாது என்பது மூவரும் மீறாத வழக்கம். அடிபட்ட மான் படுக்கட்டும் என்று அரைமணி அசையாமல் இருக்க வேண்டும், வெடி கேட்டது என்பதற்கு இரண்டு விசில் மட்டும் கொடுக்க வேண்டும். ராய்ஸ் விசில் அடித்தால் போதும். எல்லாம் தன் மூளைக் கோளாறு என்று இன்று ராத்திரி அவனிடமே சொல்லிச் சிரிக்கலாம். கடவுளே, விசில் அடிக்கட்டும்.

கிண்ணியில் பற்றுமருந்து போட்டார். குதிரையை இழுத்தார். எதிர்ச்சரிவில் பனிமேட்டைப் பார்த்துச் சுட்டார்.

வெண்புகை எழுந்து கண்ணை மறைத்தது. அழுகிய முட்டை நாற்றம். எதிரொலி மலையில் உருண்டு உருண்டு அடங்கியது.

சுட்டதும் முதலில் மறுபடி கெட்டி, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று எம்மெட் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். ட்வைட் கெட்டிக்கவில்லை. விசிலுக்காகக் காது கொடுத்து அப்படியே நின்றார்.

"ஐயோ மச்சான்!"

அழுகை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து இல்லை. பின்னால். மிகப் பக்கத்தில்.

"ஐயோ மச்சான்! நான் அப்பவே சொன்னேனே! கேட்டியா!"

அதே சொல். அதே ராகம். அதே இடத்தில் உடைகிற குரல்.

எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே அழுகிறான்.

ட்வைட்டின் நெஞ்சுக்குள் முப்பது வருஷம் மொத்தமாக எரிந்துபோயிற்று. பாவி. என் தோளில்தானேடா சாய்ந்து அழுதாய். கை மட்டும் தானாக மருந்துக் கொம்பைத் தேடியது. பாதி மருந்து பனியில் சிந்தியது. துணி. குண்டு. சட்டைப் பையிலிருந்து கைக்கு வந்தது எதுவோ அதைப் போட்டார். கோலை அழுத்தினார். முந்தின வெடியின் கரி குழாயில் கட்டியாக ஒட்டியிருந்தது. இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார்.

மரங்களுக்கிடையிலிருந்து ராய்ஸ் வந்தார். தொப்பி ஒரு கையில். முகம் முழுக்க நிஜமான கண்ணீர், கன்னத்தில் உறைந்து மினுங்கியது. உயிரோடு நிற்கிற ட்வைட்டைப் பார்த்தார். நின்றார்.

அழுகையை நிறுத்தவில்லை.

"நான் சொன்னேனே மச்சான்..."

தொப்பியைப் பனியில் போட்டார். துப்பாக்கியை நிமிர்த்தினார். கட்டைவிரல் குதிரையை இழுத்தது. க்ளிக். இன்னொரு க்ளிக்.

"இன்னும் கெட்டிக்கலையா மச்சான்?" என்று கேட்டார், காலையில் பணியாரம் ஆறுகிறது என்று சொன்ன அதே அன்போடு.

ட்வைட் கோலைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். எம்மெட் கடித்த குண்டு பாதிக் குழாயில் சிக்கியிருந்தது. கீழ்க்கோடு வாய்க்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது.