நாலு விரல் தூரம்

செவ்வரத்தம் பூவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

புவனேந்திரன் கமெராவின் சின்னத் திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். படத்தின் இடது மூலையில், சிவப்பு இதழ்களுக்கு மேலே, பால் சிந்தியதுபோல ஒரு வெளிறல். அங்கே வெள்ளையாக எதுவும் இருக்க நியாயமில்லை. பூச்சட்டிக்குப் பின்னால் இருப்பது தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவு. அந்தக் கதவை மறைத்துக் கறுப்புப் போர்வை ஒன்றைச் சற்று முன்தான் அவனே ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான். ஏன் தொங்கவிட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால், பூவுக்குப் பின்னணி கறுப்பாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லியிருப்பான். அது பாதி உண்மை.

லண்டன் வால்தம்ஸ்டோவில் அவனுடைய அக்கா நகுலேஸ்வரியின் வீடு அது. குசினிக்குப் பின்னால் கண்ணாடியால் அடைத்த சின்ன அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், அக்கா அந்தச் செவ்வரத்தையைக் குழந்தைபோல வளர்த்தாள். குளிர்காலத்தில் எப்போதாவது ஒரு பூ விரியும். காலையில் விரிந்தால் பொழுதுபடச் சுருங்கிவிடும். விரிந்ததும் பறித்துச் சாமிப் படத்துக்கு வைப்பாள். அக்கா இல்லாமல் போன பிறகு இன்றைக்குத்தான் முதற்பூ.

முன் அறையில் அக்காவின் மகள் கோசிகா மடிக்கணினியோடு இருந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரை அவளே தயாரித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் அம்மா வளர்த்த பூ வரவேண்டும் என்பது அவள் ஆசை. மாமா முன்பு எடுத்த படம் ஒன்று போதுமே என்று கேட்டிருந்தாள். பழையது சரியில்லை, புதிதாக எடுக்கிறேன் என்று இவன் சொல்லிவிட்டான். பழைய படம் சரியாகத்தான் இருந்தது. அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதை எடுத்த நேரத்தைத்தான் அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

அவனிடம் இருந்தது கமெராவோடு சேர்த்துக் கொடுத்த மலிவு லென்ஸ். பூவுக்குக் கிட்டப் போனால் அதற்குக் கண் தெரியாது. நல்ல லென்ஸ் வாங்க வசதியில்லாதவர்கள் செய்யும் வித்தையை அவனும் பழகியிருந்தான். லென்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, கமெராவின் வாயோடு இடது கையால் பொத்திப் பிடிக்கவேண்டும். அப்படிப் பிடித்தால் மகரந்தத் தூள்கூடக் கடுகளவு பெரிதாகத் தெரியும். ஆனால் நாலு விரல் தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவு. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் வெறும் நிறம்தான். காற்று ஆகவே ஆகாது. மூச்சு விட்டாலும் படம் கலங்கிவிடும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று எடுத்தான். திட்டு மூலையில் இல்லை. நடுவுக்கு வந்திருந்தது. முன்பைவிடப் பெரிதாகவும், கொஞ்சம் வட்டமாகவும்.

கண்ணாடிக்கூரை மேலே மெல்ல இருண்டுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். தூரத்தில் ரயில் ஒன்று தண்டவாளத்தை உராய்ந்துகொண்டு போனது. இத்தனைக்கும் நடுவில், எங்கிருந்தோ, சித்தாலேப தைலத்தின் காரமான மணம் வந்தது. மூச்சிழுப்பு வரும் இரவுகளில் அக்கா நெஞ்சில் அதைத்தான் பூசுவாள். அவளுடைய உடுப்பெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. தைலப் போத்தலை அவனே குப்பையில் போட்டிருந்தான்.

லண்டனில் பஸ்கள்கூட ஓடாமல் நின்ற அந்தப் பனிநாளின் காலையிலும் ஒரு பூ விரிந்திருந்தது. கோசிகா பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள். வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அறையெல்லாம் நிறைந்திருக்க, அப்படி ஒரு வெளிச்சம் இனிக் கிடைக்காது என்று அவன் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அக்கா குருவிகளுக்குச் சோறு போட, வீட்டுச் செருப்போடு, மேலே கார்டிகனை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே இறங்கியிருந்தாள். கதவிடுக்கால் குளிர்காற்று வந்து பூவை ஆட்டியது. அவன் கதவைச் சாத்தி, கொண்டியைக் கீழே தள்ளிப் பூட்டினான்.

சற்று நேரத்தில் அவளுடைய கல்மோதிரம் கண்ணாடியில் தட்டியது. டக், டக், டக். இன்னும் ஒரு படம் என்று கண்ணை எடுக்காமலே சொன்னான். மறுபடி தட்டியது. அவள் வாய்விட்டுக் கூப்பிடவில்லை. இழுப்பு வந்தால் அவளால் கூப்பிட முடியாது என்பது அவனுக்குத் தெரியும். இழுப்புக்கு அடிக்கும் பம்ப் குசினி மேசையில் கிடந்ததும் தெரியும். இன்னும் ஒரு படம். பிறகு சத்தம் நின்றது. அப்பாடா, பூ ஆடாது என்று ஆறுதலாக இருந்தது, அதுதான் கொடுமை. முன்பக்கத்தால் சுற்றி வருவாள் என்று நினைத்துக்கொண்டான். அந்த வீட்டுக்குப் பக்கவழியே கிடையாது.

மேல் அறையில் நித்திரையாக இருந்தேன், கொண்டி தானாக விழுந்திருக்கும் என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். கொண்டி தளர்ந்திருந்தது உண்மைதான். எல்லோரும் நம்பினார்கள்.

மூன்றாவது படம். திட்டில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் வந்திருந்தன.

அவன் போர்வையைப் பார்த்தான். கறுப்பாக, அசையாமல் தொங்கியது. கையை நீட்டித் தொட்டான். ஈரம்.

குசினிப் பக்கம் காலடி கேட்டது. கோசிகாதான். வாசலில் சாய்ந்து நின்று, பூவைப் பார்க்காமல், போர்வைக்குப் பக்கத்தில் தெரிந்த கொண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம்.

"அந்தக் கொண்டி தானா விழுது எண்டு அம்மா போனிலை எத்தினை தரம் சொன்னவ. ஆளைப் பிடிச்சுத் திருத்துவிக்கிறன் எண்டு நான்தான் இழுத்தடிச்சனான். அம்மாவைச் சாகவிட்டது நான்தானே, மாமா?"

அவன் வாயைத் திறந்தான். ஒரு சொல் போதும். அந்தப் பிள்ளை இத்தனை நாளாகச் சோறு தின்னாமல், நித்திரை கொள்ளாமல் சுமப்பதை ஒரே சொல்லில் இறக்கி வைத்துவிடலாம். கடைசியில் வந்தது வேறு.

"இல்லைப் பிள்ளை. நீ போய் இரு. இன்னும் ஒரு படம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. அதே சொற்கள். கோசிகா தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். கேத்தில் இரையத் தொடங்கியது.

பூ சுருங்கத் தொடங்கிவிட்டது. மேசை விளக்கைக் கிட்ட நகர்த்தினான். லென்ஸைத் திருப்பிப் பொத்திப் பிடித்து, கண்ணை வைத்தான்.

சிவப்பு இல்லை.

வெறும் வெள்ளை. முழுவதும். கலங்கல்.

கொஞ்சம் முன்னால் குனிந்தான். பூ அங்கேதானே இருந்தது. விளக்கு வெளிச்சம் லென்ஸில் நேரே அடிக்கிறதோ. இல்லை.

வெள்ளைக்குள் ஏதோ தெளிந்துகொண்டு வந்தது. அவன் அசையவில்லை. அதுதான் கிட்ட வந்தது. பொடிப்பொடியாக, உப்புப்போல. பனித்துகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக. உருகாமல்.

துகள்களுக்கு நடுவில் மெல்லிய கறுப்புக் கோடுகள்.

மயிர்கள். வரிசையாக.

இமை.

நாலு விரல் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும்.

அவன் மூச்சைப் பிடித்தான். ஆனாலும் மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து, இழுத்து, பாதியில் அறுந்து. லென்ஸின் கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளிப்பக்கத்தில்.

இமை திறந்தது.

விரல் தானாக அழுத்திவிட்டது.

கமெரா அவன் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. சத்தம் கேட்டுக் கோசிகா தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தாள். பூச்சட்டியில் பூ சுருங்கிக் கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கமெராவை எடுத்தாள். திரையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த லென்ஸால் எடுக்கவே முடியாத படம் அது. மூலைக்கு மூலை தெளிவு. தோட்டத்திலிருந்து எடுத்தது. பனி ஒட்டிய கண்ணாடி. கண்ணாடியில் ஐந்து விரல்களின் தடம். அதற்கு உள்ளே, கதகதப்பான அறையில், விழுந்திருக்கும் கொண்டிக்குப் பக்கத்தில், சிவப்புப் பூ ஒன்றின் மேல் குனிந்து கமெராவைப் பிடித்திருக்கும் புவனேந்திரன். முகம் தெரிந்தது. முகத்தில் சந்தோசம் தெரிந்தது.

கோசிகா தலையை நிமிர்த்தினாள்.

"மாமா, இதை ஆர் எடுத்தது?"

லென்ஸ் இன்னும் அவன் இடது கைக்குள் இருந்தது. அது பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. விரல்களைத் திறக்கப் பார்த்தான், திறக்க வரவில்லை.

பொத்திய கைக்குள்ளே, கண்ணாடியின் உட்பக்கத்திலிருந்து, மோதிரம் தட்டியது. டக், டக், டக்.

இந்தத் தடவை கோசிகாவுக்கும் கேட்டது.