காற்றைத் தவிர வேறு சொல்லுங்கள்

சைகல் வகுப்புக்குள் வந்தாலே பெர்மெத்துக்கு வயிறு எரியும். பிஷ்கேக் நகரத்து ஆங்கிலப் போட்டிக்குப் போன வருடம் போனவள் சைகல்தான். அங்கே கொடுத்த சிவப்புப் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

இந்த வருடமும் ஒருவருக்குத்தான் இடம். அக்கா என்ற மரியாதையில் எல்லோரும் 'எஜெ' என்று கூப்பிடும் ஆங்கில ஆசிரியை குல்பாரா, 'அபேட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்திருந்தார். அதை வைத்துச் சிறந்த வாக்கியம் சொல்பவருக்குத்தான் அந்த இடம். வாக்கியம் உண்மையாகவும் இருக்க வேண்டும்.

"எங்க வீட்டுல ரொட்டி அபேட் ஆச்சு, எஜெ," என்றான் தாலாய்.

"ரொட்டி தீரும்டா. அபேட் ஆகாது. புயல், வலி, கோபம் மாதிரி பெருசா கிளம்பினது மெல்ல அடங்கினாத்தான் அபேட். மதியம் எல்லாரும் சொல்லணும்."

இடைவேளையில் சைகல் கைகழுவும் இடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?" என்றாள் அங்கே வந்த பெர்மெத்.

"பல்லு. வாயத் திறக்க முடியல. யார்கிட்டயும் சொல்லாத."

பெர்மெத்துக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வாய் திறக்காதவள் எப்படி வாக்கியம் சொல்வாள்? உற்சாகமாகத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் உற்சாகம் கசந்தது. ஊமையாக நிற்பவளை ஜெயித்து என்ன ருசி?

பள்ளி உணவகத்தில் வெந்நீர் வாங்கி, உப்பைக் கலக்கி எடுத்து வந்தாள்.

"கொப்புளி. முழுங்கிடாத."

"நீயா எனக்கு?"

"பேசாம கொப்புளி."

மதியம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். காற்று அடங்கியது. ராத்திரி காற்று அடங்கியது. ஏரிக்காற்று அடங்கியது. எந்நேரமும் காற்று வீசும் அந்த ஏரிக்கரைப் பலிக்சி ஊரில் காற்றைத் தவிர வேறு எது யாருக்கு நினைவு வரும்? குல்பாரா எஜெ நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"போதும். இனிமே காத்து வேண்டாம்."

பெர்மெத் மனப்பாடம் செய்து வைத்திருந்ததும் காற்றுதான்.

சைகல் எழுந்தாள். உப்புத்தண்ணீரில் வலி கொஞ்சம் குறைந்து வாய் திறக்க முடிந்தது. வீங்கிய கன்னத்தோடு, தன் பல்வலி அடங்கியது என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். எஜெயின் முகம் மலர்ந்தது.

அடுத்தது பெர்மெத். சொல்ல வேறு வாக்கியம் கைவசம் இல்லை. சைகலின் தோளில் தொங்கிய அந்தச் சிவப்புப் பை மட்டும் கண்ணில் பட்டது. வாய் தானாகவே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது: "என் பொறாமை இன்னும் அடங்கவில்லை."



"யார் மேல?" என்றார் எஜெ.

"சைகல் மேல."

சைகல் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குடி உப்புத்தண்ணி கொண்டு வந்த?"

"அது பல்லுக்கு. பொறாமைக்கு இல்ல."

வகுப்பே சிரித்தது. எஜெயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "ரெண்டுமே சரியான வாக்கியம்தான். ஆனா அடங்காததச் சொல்லத் தைரியம் வேணும். இந்தத் தடவை பெர்மெத் போகட்டும்," என்றார்.

மணி அடித்தது. சைகல் வெளியே போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள்.

"இப்ப எனக்கு எரியுது," என்றாள்.

"எனக்கும் இன்னும் முழுசாப் போகல," என்றாள் பெர்மெத். "ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் நான். கணக்கு சரியாப் போச்சு. கிளம்பு, பல் டாக்டர்கிட்ட நானும் வரேன்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கிளம்பினார்கள்.