அணைக்காத மூட்டம்

சண்முகசுந்தரி மூச்சை உள்ளே இழுத்து அடக்கிப் பிடித்திருந்தாள். அப்படியும் அறையில் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

பூண்டு காயப் புகை போடும் மூட்டமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஈரமான தைலமரக் கட்டை புகையும்போது அப்படிச் சீறுவது உண்டு. தலைக்கு மேலே மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டின் காய்ந்த தாள்களும் புகை படப்பட ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கும். வெளியே பூண்டி ஊரையே மூடிக்கொண்டு மேகம் இறங்கியிருந்தது. பொழுது சாயும் முன்பே ஜன்னல் சாம்பல் நிறமாகி, தகரக் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். இந்தச் சத்தம் இவற்றில் எதுவும் இல்லை. கீச்சென்று ஏறி, பாதியில் சளியில் சிக்கி, அங்கேயே நின்று, மறுபடி ஏறியது.

அவள் மூச்சை விட்டாள். அதுவும் நின்றது.

இன்றைக்கு மட்டும் படபடப்பு வந்துவிடக் கூடாது. காலையில் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டைகளை ஜீப்பில் ஏற்றும்போது அவள் புருஷன் அழகுமலை முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"இன்னைக்கு ஒரு நா பாப்பேன் சுந்தரி. நான் வர்றப்ப நீ மறுபடி மூச்சு முட்டிக் கெடந்தேன்னா, காலைல வெள்ளனே அடுக்கத்துல ஒங்கம்மா வீட்டுல விட்ருவேன். புள்ள இங்கதான் இருக்கும்."

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். போன வாரம் படபடப்பு வந்தபோது அவள் கதவைத் திறந்து போட்டுவிட்டு மேகத்துக்குள் ஓடிவிட்டாள். ஒன்றரை வயது ராஜகுமாரி அம்மாவைத் தேடித் தத்தித் தத்தி நடந்து, கேரட் வயலின் விளிம்பு வரைக்கும் போய்விட்டாள். மலைச்சரிவில் அடுத்த படி வயல் ஓர் ஆள் உயரம் கீழே இருக்கிறது. பக்கத்து வீட்டு சேனாதிபதி பார்த்துத் தூக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூச்சை அடக்கி விடும் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது கொடைக்கானல் கிளினிக்கில் இருக்கும் ரோகிணி சிஸ்டர்தான். வயிற்றில் கைவைத்து உட்கார வைத்து, பயம் வந்தால் நரம்பெல்லாம் ஓடு ஓடு என்று சொல்லும், மூச்சை நீளமாக விட்டால் ஓட வேண்டாம் என்று அதுக்கே புரிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். மூக்கால் இழுத்து, கொஞ்சம் அடக்கி, வாயால் மெதுவாக விட வேண்டும்.

"ஊதாங்குழல்ல அடுப்பு ஊதுவீங்கல்ல, அதே மாதிரி. வெரசா விட்றாதீங்க."

வீட்டுக்கு வந்து செய்தபோது உதடு நடுங்கி மூச்சு சிதறியது. அதனால் நிஜமாகவே ஊதாங்குழலை எடுத்தாள். இரும்புக் குழல் உதட்டில் பட்டதும் மூச்சு நேராக, நூல் பிடித்தாற்போல் போயிற்று. அன்றிலிருந்து பூண்டு அறையின் மூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுவதே அவளுக்கு மருந்தாகிவிட்டது.

ஊதாங்குழலில் ஊதத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. மூச்சு எடுக்கும்போது வாயை அகற்றிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சிறு பெண்ணுக்குக்கூடத் தெரியும். தொண்டையில் சாம்பல் போய்விடும் என்பார்கள். அதற்கு மேல் யாரும் காரணம் சொன்னதில்லை. போன வாரம், ஓடுவதற்குச் சற்று முன், நெஞ்சு அடைத்துக்கொண்டபோது அவளுக்கு வாயை எடுக்க நேரம் இருக்கவில்லை. குழல் வழியாகவே இழுத்துவிட்டாள். சூடு. சாம்பல். அதற்குப் பின்னால் பீடியும் நெஞ்சில் தடவும் தைலமும் கலந்த வாடை.

மாமாவின் வாடை.

மாமனார் பொன்னுச்சாமி இளைப்பு நோயில் இறந்தது போன மாதம். கடைசி மூச்சு கீச்சென்று உள்ளே போனது. வெளியே வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள்தான், "உள்ள போன மூச்சு வெளிய வரலயேப்பா" என்று மெதுவாகச் சொன்னாள்.

சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சமையல் அடுப்பில் உடனே தண்ணீர் தெளித்துவிட்டார்கள். ஆனால் உள்ளறையில் அப்போதுதான் பறித்துத் தொங்கவிட்ட பூண்டு பச்சையாக இருந்தது. வெளியே விடாத மழை. அழகுமலை அழுத கண்ணோடு அவளைத் தனியே அழைத்தான்.

"மூட்டத்த அமத்துனா வருசத்து வெள்ளாமை பூராம் அழுகிரும். கதவச் சாத்திக்க. நீ பாட்டுக்கு ஊதிக்கிட்டே இரு."

முன்னறையில் பிணம் கிடக்க, ஒப்பாரி சுவரைத் தாண்டி வர, அவள் விடியும் வரை ஊதினாள். அந்த நெருப்பை அதற்குப் பிறகும் யாரும் அணைக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் படபடப்பு.

அவள் கையிலிருந்த ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். கரண்டு போயிருந்தது, மூட்டத்தின் சிவப்பைத் தவிர வெளிச்சம் இல்லை. பக்கத்து அறையில் சேலைத் தொட்டிலில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. ஜீப் வருவதற்குள் சரியாகிவிட வேண்டும். மூக்கால் இழுத்தாள். அடக்கினாள்.

கீச்சென்று ஏறியது.

குழலுக்குள் இருந்து வந்தது சத்தம். தரையில் கிடந்த அதன் வாய்க்கு நேரே சாம்பல் மெல்ல அசைந்தது. காற்று இல்லை. ஒரு கோடாக, எறும்புச் சாரை போல, சாம்பல் குழலுக்குள் ஊர்ந்து போனது. போய்க்கொண்டே இருந்தது.

நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடு. ஓடக் கூடாது. ஓடினால் பிள்ளை இல்லை.

மூலையில் இருந்த குடத்தைத் தூக்கி மூட்டத்தின் மேல் கவிழ்த்தாள்.

நெருப்பு அலறியது போல இருந்தது. ஆவி எழும்பி, கரி நாற்றம் மூக்கில் ஏறி, மேலே பூண்டுத் தாள்களெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. பிறகு இருட்டு. கூரையில் சொட்டும் நீர். வேறு சத்தம் இல்லை.

அவள் கண்ணை மூடி, சுவரில் சாய்ந்து, அடுத்த அறை வாசலை ஒட்டி நின்றுகொண்டாள். மூச்சு வெளியே போயிற்று. நடுக்கம் இல்லாமல், சிதறாமல், நேராக. எத்தனையோ நாளாக அவள் ஏங்கிய அமைதி தோளில் இறங்கி, கைகளில் இறங்கி, விரல்களை மரத்துப்போகச் செய்தது. ரோகிணி சிஸ்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார். அவ்வளவு நீளமான மூச்சு.

இன்னும் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. உள்ளே இழுக்கப் பார்த்தாள். இழுக்க வழியே தெரியவில்லை. நெஞ்சு காலியாகிக்கொண்டே போனது. ஆனாலும் உதட்டின் இடுக்கில் மெல்லிய காற்று நூலாகப் போய்க்கொண்டிருந்தது. அது போகும் திசையை இருட்டிலும் உணர்ந்தாள். மூட்டத்தின் பக்கம்.

வாசலுக்குள் கையை நீட்டித் துழாவினாள்; தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

கீழே பாதையில் ஜீப் உறுமி நின்றது. செருப்புச் சத்தம். கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது, வேறெங்கும் விழவில்லை.

அழகுமலை வாசலிலேயே நின்று பார்த்தான். அவன் தோள் தளர்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு சிரித்தான்.

"பரவால்லயே. அமைதியா நிக்கிறயே புள்ள." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாப்பா தூங்குதா? அடுக்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இப்படியே இரு. கால் கழுவிட்டு வர்றேன்."

என்னங்க என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் போயிற்று. மெதுவாக. நீளமாக. வெளிச்சம் திரும்பிக் கொல்லைப் பக்கம் போனது.

இருட்டு.

கீச்.

அணைந்த மூட்டத்தின் ஈரக் கரிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. அதில் ஊன்றிய குழலின் முனை. மறுமுனையில் ராஜகுமாரியின் வாய். இரண்டு பிஞ்சுக் கைகளும் இரும்பைப் பிடித்திருந்தன. கண்கள் அம்மாவையே பார்த்தன.

இழுத்தாள்.

புள்ளி சிவந்து பெரிதானது. வெளிச்சம் பிள்ளையின் மேல் படர்ந்தது. மாமாவின் கடைசி மூச்சைப் போலவே சளியில் சிக்கி, கீச்சிட்டு, இன்னும் இழுத்தாள். மஞ்சள் ஸ்வெட்டரின் கண்ணிகள் நெஞ்சுக்கு நேரே ஒவ்வொன்றாக விரிந்தன.

நெஞ்சு ஏறியது.

ஏறியது.

இறங்கவில்லை.