மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜெனரேட்டர்

விளாங்குடியில் அன்று விடிகாலையிலேயே ஒரு வேப்பமரம் மின்கம்பியின் மேல் சாய்ந்துவிட்டது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. மழையும் விடுவதாக இல்லை.

கீழ்வீட்டுச் சோணையம்மாள் தோசைமாவு அரைத்து விற்பவர். அவர் கவலையோடு உட்கார்ந்திருப்பதை மாடிவீட்டு டயானா பார்த்தாள்.

"என்ன அத்தை?"

"ரெண்டு அண்டா அரிசி ஊறுது. ராத்திரிக்குள்ள கல்யாண வீட்டுக்கு மாவு குடுக்கணும். அரைக்கலைன்னா அம்புட்டும் வீணாப் போயிரும். காசிமாயன் ஜெனரேட்டர் கொண்டு வாரேன்னு சொல்லியிருக்கான்."

காசிமாயன் ஜெனரேட்டர்களை வாடகைக்கு விடுபவர். சொன்னபடியே லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நனைஞ்சா ஷாக் அடிக்கும்" என்று சொல்லி, ஜெனரேட்டரை வீட்டுக்குள் மாடிப்படிக்குக் கீழே வைத்தார். சாரல் அடிக்காமல் இருக்க வாசல் கம்பிக்கதவில் தார்ப்பாயையும் கட்டினார். 'டபடப'வென்று சத்தம் கிளம்பியது. கிரைண்டர் சுற்றியது. சோணையம்மாளின் முகம் மலர்ந்தது.

டயானா மாடிக்குப் போய்ப் படம் வரைய உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தம்பி மெர்வின் கிரேயானைக் கீழே போட்டான்.

"அக்கா, தலை வலிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அவளுக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அத்தையிடம் கேட்கலாம் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அத்தை சுவரில் சாய்ந்து நின்றார். "தலையைச் சுத்துதும்மா. கண்ணெல்லாம் சொருகுது."

டயானா தார்ப்பாயை விலக்கி வெளியே பார்த்தாள். காசிமாயன் ஆட்டோவில் உட்கார்ந்து தெம்பாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருக்கும் மூன்று பேருக்கும் தலைவலி. வெளியே இருப்பவருக்கு ஒன்றும் இல்லை.

அவள் சட்டென்று ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, வெளியே வாங்க! மெர்வின், ஓடு!"

"அடியேய், மழை பெய்யுதே!"

"பெய்யட்டும், வாங்க!" அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அதை நிறுத்துங்க! புகை வீட்டுக்குள்ளயே நிக்குது!"

காசிமாயன் தார்ப்பாயைப் பிய்த்தெறிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"புகையே தெரியலையே பாப்பா!"

"கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவும் அதுல வருமாம், அண்ணே. வாசனைகூட இருக்காதுன்னு எங்க அறிவியல் டீச்சர் சொன்னாங்க."

காசிமாயன் உடனே மூவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செய்தி கேட்டு அம்மாவும் பதறியடித்து வந்துசேர்ந்தார். டாக்டர் மூவருக்கும் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, சீக்கிரம் வெளியே வந்துட்டீங்க" என்றார்.

மத்தியானம் வீடு திரும்பியபோது அக்கம்பக்கத்தார் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்திருந்தார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை. அத்தை அண்டாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. நான் இதை எடுத்துட்டுப் போறேன்" என்றார் காசிமாயன் தலைகுனிந்து.

டயானாவுக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துக் காலிமனையில் மைக்செட் கிளமெண்ட் மாமாவின் கொட்டகை இருந்தது. நான்கு தூண், மேலே தகரம். சுவரே கிடையாது.

"அண்ணே, அங்க வச்சா நனையாது. காத்தும் நல்லா வரும். எந்த வீட்டு ஜன்னலும் பக்கத்துல இல்லை."

"வயர் எட்டாதே, பாப்பா."

கிளமெண்ட் மாமா எதிரே தன் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தார். "திருவிழாவுக்குப் போடுற தடிச்ச வயர் என்கிட்ட இருக்கு. மழையில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. எம்புட்டு நீளம் வேணும்?"

ஜெனரேட்டரைச் செங்கல் மேல் பலகை போட்டு வைத்தார்கள். புகைக்குழாயை வெட்டவெளிப் பக்கம் திருப்பினார்கள். கிரைண்டர் மறுபடியும் சுற்றியது. அத்தை கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட்டார்.

நடுவில் பெட்ரோல் குறைந்தது. காசிமாயன் ஓடுகிற ஜெனரேட்டரிலேயே ஊற்றப்போனார். டயானா பார்ப்பதைக் கண்டதும் கேனைக் கீழே வைத்தார்.

"நிறுத்திட்டு, ஆறினப்புறம்தான் ஊத்துவேன். இப்படி முறைக்காத, தாயி!"

மெர்வின் களுக்கென்று சிரித்தான்.

பொழுது சாய்வதற்குள் மாவு முழுவதும் அரைந்து கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு கிண்ணம் மாவு மட்டும் மாடிக்கு வந்தது.

தோசை தின்றுகொண்டே டயானா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காசிமாயன் ஆட்டோவில் உட்கார்ந்து யாரிடமோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள வைக்கணும்னா நான் வரமாட்டேன், அண்ணே! வெட்டவெளியில இடம் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே வாரேன்!"