காட்டுச் சந்தியில் வைத்த சோறு

ஒன்பதாம் நாள் காலை குகதாசன் கதவைத் திறந்தபோது, முதல் நாள் மாலை காட்டுக்குள் வைத்துவிட்டு வந்த தட்டம் கால்மிதியின் மேல் இருந்தது. யாரோ கழுவித் துடைத்திருந்தார்கள். மீன்குழம்பின் பிசுக்கு இல்லை. விளிம்பில் வருடக்கணக்காகப் போகாமல் கிடந்த மஞ்சள் கறையும் இல்லை. நடுவில் ஐந்தாறு காட்டு ஸ்ட்ரோபெரிகள், சுண்டுவிரல் நகமளவு, ஈரம் காயாமல் கிடந்தன. கார்த்திகை மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. இந்தக் குளிரில் எந்தக் காட்டில் பழம் பழுக்கிறது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், பின்னால் வந்து நின்ற ஆறு வயது மகள் சாருஜா ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள்.

"துப்பு பிள்ளை!"

"நல்லா இனிக்குது அப்பா," என்றாள் அவள். பிறகு அன்று முழுக்க வேறொன்றும் சாப்பிடவில்லை.

சுவிஸ்காரர்கள் சுத்தக்காரர்கள், யாரோ நடக்கப் போனவர் எடுத்துக் கழுவிக் கொண்டுவந்திருப்பார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். தட்டத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

மனைவி சஜீதா செத்து எட்டு நாள் முடிந்திருந்தது. காலையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவள், மத்தியானம் ஆஸ்பத்திரியில் இல்லாமல் போனாள். எட்டாம் நாளில் எட்டுச் செலவு செய்யவேண்டும். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கை நாற்சந்தியில் கொண்டுபோய் வைத்து ஆளை வழியனுப்ப வேண்டும். அவர்கள் இருக்கும் ஊஸ்டரில் நாற்சந்தியில் சோறு வைத்தால் ஆவி வருவதற்கு முன் பொலிஸ் வரும். அதனால் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில், நான்கு நடைபாதைகள் கூடி மஞ்சள் வழிகாட்டிப் பலகை நிற்கும் இடத்தைக் குகதாசன் தேர்ந்தெடுத்தான். சந்தி என்றால் சந்திதானே என்று நினைத்தான். சஜீதா உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் காட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்தவள் அல்ல.

அட்லிஸ்வில்லில் இருக்கும் பாலச்சந்திரன் அண்ணைக்குக் கிரியை முறையெல்லாம் தெரியும். அவர் சொன்னது சுருக்கம்: வை, பேரைச் சொல்லிச் சாப்பிடச் சொல், திரும்பிப் பாராமல் வா. சாருஜாவை ஒரு கையிலும் தட்டத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, மூடுபனி பீச் மரங்களின் அடியில் படுத்துக் கிடந்த அந்த மாலையில் அவன் அங்கே போனான். தட்டத்தைப் பலகையின் அடியில் வைத்தான். "சஜி, போகாதை. வந்து எங்களோட இரு. பிள்ளைக்கு நீ வேணும்," என்று விம்மினான். வழியனுப்பப் போனவன் வீட்டுக்கு அழைத்துவிட்டு வந்தான். திரும்பி நடக்கையில் பின்னால் தட்டம் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. நரியாக இருக்கும் என்றான் மகளிடம்.

பன்னிரண்டாம் நாள் காலை சாருஜா பின்னிய தலையோடு வந்து நின்றாள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரப்பர் பட்டி போடுவதுதான். இதுவோ நூல் பருமனில் முப்பது நாற்பது பின்னல்கள். நுனியில் முடிச்சு இல்லை, ஆனாலும் அவிழவில்லை.

"ஆர் பிள்ளை பின்னினது?"

"அம்மா."

அவன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான். "அம்மா எப்பிடி இருக்கிறா?"

"வடிவா இருக்கிறா. சின்னனா."

"சின்னனா எண்டால்?"

சாருஜா தன் முழங்காலுக்கு நேரே கையைப் பிடித்துக் காட்டினாள்.

பயந்திருக்க வேண்டும். வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அவன் சந்தோஷப்பட்டான். அன்றிரவு சமையலறை மேசையில் மூன்றாவதாக ஒரு கோப்பை தேத்தண்ணீர் வைத்தான். வைத்தது காலையில் வெறுமையாக இருந்தபோது, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினிக்கு அழைத்து இன்னும் இரண்டு கிழமை லீவு கேட்டான். எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டாள் அல்லவா!

பதினைந்தாம் நாள் மாலைதான் அந்தச் சந்தோஷம் போனது. சாருஜாவின் அறைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. சஜீதாவின் குரல்தான், அந்த மெல்லிய கரகரப்பும் அவளுடையதுதான். கதவில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றான். ஹீட்டர் டிக் டிக்கென்று சத்தமிட்டது, கதவிடுக்கால் மழையில் அழுகிய இலையின் மணம் வந்தது, பாட்டு ஒரு அடி, இரண்டு அடி, பத்து அடி என்று போய்க்கொண்டே இருந்தது. பாடுகிற ஆள் ஒரு இடத்திலும் மூச்சு எடுக்கவில்லை.

கதவைத் திறந்தான். பாட்டு நின்றது. சாருஜா கட்டிலில் தனியே இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பிள்ளை சோறு கறி தொடவில்லை. "உப்பு சுடுது," என்று தள்ளிவிட்டாள். ஒருநாள் தூக்கிப் பார்த்தான். வெறும் புத்தகப்பை அளவுதான் பாரம். சரியான பயம் அவனைப் பிடித்தது அப்போதுதான். மனைவியைக் கொடுத்தாயிற்று, இனிக் கொடுப்பதற்கு இந்த ஒரு பிள்ளைதான் இருந்தது.

அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னான். அண்ணை போனிலேயே கத்தினார்.

"அனுப்புற இடத்தில நிண்டு கூப்பிட்டனியோ? உனக்கென்ன விசரே?"

"சஜி எண்டுதான் அண்ணை கூப்பிட்டனான்."

"நீ ஆரைக் கூப்பிட்டாய் எண்டதை விடு. ஆர் வந்து சாப்பிட்டது? ஆரின்ர காடு அது? பசியோட எத்தினை வருசமாக் கிடந்ததுகளோ ஆருக்குத் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கல்லுப்பு இருக்கோ? வாசல் யன்னல் எல்லாத்திலயும் போடு. எனக்கு இரவு வேலை, காலமை முதல் ரயிலில வாறன். என்ன நடந்தாலும் விடியுமட்டும் அதை அழிச்சுப் போடாதை. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

நாலரைக்கே இருண்டுவிட்டது. மூடுபனி பல்கணிக் கம்பிவரை வந்து நின்றது. சாருஜா மத்தியானம் படுத்தவள் எழும்பவில்லை. குகதாசன் அவள் கட்டிலுக்குக் கீழே பார்த்தான், அலுமாரியைத் திறந்து பார்த்தான், ஒற்றைக் காலுறையும் கலர்ப் பென்சில்களும் தவிர ஒன்றுமில்லை. முன்வாசல், பல்கணிக் கதவு, யன்னல் விளிம்புகள் என்று உப்பைக் கொட்டிக்கொண்டு வந்து, மிச்சத்தை அவள் அறை வாசலுக்குக் குறுக்கே தடிப்பாக ஒரு கோடாகப் போட்டான். வந்தது வெளியேதான் நிற்கிறது என்று அவன் நம்பியிருந்தான். ஒழுங்கையைப் போன்ற நீண்ட நடையில் கதிரை போட்டு, அறைக் கதவைப் பார்த்தபடி இருந்தான்.

ஃபிரிட்ஜ் உறுமி நின்றது. மேல்வீட்டில் ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு மேல்வீட்டுச் சத்தமும் இல்லை, வீதிச் சத்தமும் இல்லை. அழுகிய இலையின் மணம் மட்டும் மெல்ல மெல்லக் கூடியது.

அறைக் கதவு திறந்தது.

சாருஜா. இரவுச் சட்டையோடு. கலைந்த தலையோடு.

"அப்பா, தூக்குங்கோ."

"வா பிள்ளை. தாண்டி வா."

அவள் காலைத் தூக்கினாள். உப்பில் பெருவிரல் பட்டது. சிணுங்கிக்கொண்டு பின்னுக்கு இழுத்தாள். பட்ட இடம் கருகியிருந்தது.

"சுடுது அப்பா."

அவனுக்கு விளங்கியது. விளங்கவே கூடாது என்று பார்த்தும் விளங்கியது. பிள்ளை பாதி காட்டில் கிடந்ததுகளின் ஆளாகிவிட்டாள். விடிய இன்னும் பதினான்கு மணித்தியாலம். அண்ணை சொன்னது காதுக்குள்ளேயே நின்றது.

அவள் அழத் தொடங்கினாள். கைக்குழந்தையாக இருந்தபோது அழுத அதே அழுகை. நடுவில் அதே விக்கல். "அப்பா என்னை விட்டிட்டுப் போறீங்களோ?"

எந்தத் தகப்பனால் முடியும்?

மண்டியிட்டான். உள்ளங்கையால் உப்பை ஒரு பக்கமாக ஒதுக்கினான். ஒரு சாண் இடைவெளி. போதும். அவள் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐஸ் மாதிரிக் குளிர். முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"பயப்பிடாதை செல்லம். அப்பா இருக்கிறன்."

அவளை அணைத்தபடி நிமிர்ந்தான். நடை வெளிச்சம் அறைக்குள் நீண்டு கட்டில்வரை போயிருந்தது.

கட்டிலில் சாருஜா கிடந்தாள்.

கண் திறந்திருந்தது. அவனைத்தான் பார்த்தாள். கத்தப் பார்த்தாள். அவள் வாயைச் சின்னஞ்சிறு கைகள் பொத்திப் பிடித்திருந்தன. மூன்று நான்கு சோடிக் கைகள். தலைமாட்டில், கால்மாட்டில், போர்வையின் நான்கு மூலைகளிலும் அவை நின்றன. முழங்கால் உயரம். எல்லாவற்றுக்கும் சஜீதாவின் முகம்.

போர்வையோடு பிள்ளையைத் தூக்கின. வாசலில் உப்பு விலகிக் கிடந்த இடத்தை நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, சிரித்துக்கொண்டு நடந்து வந்தன.

அவன் கால் எடுத்து வைக்கப் பார்த்தான். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின.