பந்தியிலிருந்து எடுத்த பொட்டலம்

கம்ப்யூட்டரின் தலைமேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பொட்டலத்தைக் காணோம். யூஜென் உள்ளே நுழைந்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். பெட்டி முழுக்கத் தூசு. பொட்டலம் இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி.

"பொட்டலம் எங்கேக்கா?"

"தேதி முடிஞ்சு போச்சுடி. துடைக்க வந்தவ தூக்கிப் போட்டுட்டா" என்றாள் ஆஜூ. அந்த முதியோர் இல்லத்தின் மூத்த செவிலி அவள். "புதுசு வாங்கப் போனா கடையில மஞ்சள்தான் இருக்கு. பச்சையை எல்லாம் படையலுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்களாம்."

"மஞ்சளை வெச்சுத் தொலைச்சிடாதீங்க. மஞ்சள் விளக்கு எரிஞ்சா எந்த வண்டி ஓடும்?"

"அதனாலதான் ஒண்ணும் வைக்கலை. பாரு, மத்தியானமே படுத்துடுச்சு."

யுவான்லின் ஊரில் வங்கிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இயந்திரங்களின் தலையில் அந்தச் சோளப்பொரிப் பொட்டலம் இருக்கும். தேங்காய்ப்பால் வாசனை அடிக்கும் பொரி. மேலே 'சமத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இயந்திரம் சமத்தாக இருக்கட்டும் என்பதுதான் வேண்டுதல். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் யூஜென் இதைக் கேலி செய்துகொண்டே நம்புகிறவள். பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பாள். காலையில்தான் அதை ஓர் அரிசி மில்லில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

இல்லத்தின் ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அழைப்பு மணிப் பொத்தான் உண்டு. அமுக்கினால் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் மணி அடித்து அறை எண் மின்னும். மணி ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. போன முறை இது நின்றுபோன அன்று நாலாம் அறைக் கிழவி கட்டிலிலிருந்து விழுந்து, விடியும் வரை தரையிலேயே கிடந்தாள். இன்றைக்கு யூஜென் மூன்று ஊர் சுற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்று இருந்தபோதுதான் ஆஜூவின் போன் வந்தது. மறுக்க முடியுமா? ஒன்பதாம் அறையில் இருப்பது அவளுடைய அப்பா.

முதலில் அவரைப் போய்ப் பார்த்தாள். கை கால்களில் பக்கவாதம் விட்டுவைத்தது வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும்தான். சளி தொண்டையை அடைத்தால் அந்த விரலால் பொத்தானை அமுக்குவார். யாராவது ஓடிப்போய்க் குழாய் விட்டு உறிஞ்சினால் மூச்சு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். வாய்க்குள் ஒரு பருக்கை போனாலும் நுரையீரலுக்குத்தான் போகும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மனுஷர் வாயை இறுக மூடிக்கொண்டார். பல் தேய்க்கக்கூடத் திறப்பதில்லை.

"அப்பா, கொஞ்சம் வாயைத் திறங்க. உதடெல்லாம் வெடிச்சிருக்கு. துடைச்சு விடறேன். சமத்துல்ல?"

இழுத்து மூடிய கடைக் கதவு மாதிரி இருந்தார். விரல் மட்டும் பொத்தானை அமுக்கிற்று. மணி அடிக்கவில்லை. திரும்பவும் அமுக்கினார்.

"சரி பண்ணிடறேன்பா. சத்தியமா."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் தூசு கம்பளி விரித்திருந்தது. பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன் கரகரவென்று சுற்றும், நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு, பிறகு மூச்சே இல்லை. மெமரித் தகடுகளைப் பிடுங்கி, அழிரப்பரால் ஓரங்களைத் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். சின்ன பேட்டரியை மாற்றினாள். பையிலிருந்த வேறொரு பவர் சப்ளையைக் கோத்துப் பார்த்தாள். ஒரே ஒருமுறை திரை வெளுத்து, பாதி எழுந்து, அவள் 'அப்பாடா' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அணைந்துபோயிற்று. வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்தது. முதுகு வலித்தது. காலையில் குடித்த சோயாப் பாலோடு வயிறு நின்றிருந்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினாள்.

முற்றத்தில் படையல் மேஜை போட்டிருந்தார்கள். சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் அது. செத்தவர்கள் இருக்கும் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து, நாதியற்ற ஆவிகள் எல்லாம் ஊருக்குள் பசியோடு அலையும் மாதம். பேய் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் என்று 'நல்லண்ணன்மார்' என்றுதான் யாரும் சொல்வார்கள். கோழி, நூடுல்ஸ், பழம், பீர் டப்பாக்கள். வருகிறவர்கள் முகம் கழுவ ஒரு பேசினில் தண்ணீரும் துண்டும். ஒவ்வொரு பண்டத்திலும் ஓர் ஊதுபத்தி குத்தியிருந்தது. எல்லாம் பாதி எரிந்து, புகை அசையாமல் மேஜைமேல் படுத்திருந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

ஓரத்தில் வரிசையாகப் பச்சைப் பொட்டலங்கள்.

ஊதுபத்தி எரிந்து முடிகிற வரை படையலில் கை வைக்கக் கூடாது. எரிந்து முடிந்துவிட்டால் பிரசாதம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் முடிய இன்னும் எவ்வளவு நேரமோ, மாடியில் அந்த விரல் வேறு அமுக்கிக்கொண்டே இருக்குமே. ஆபத்துக்குப் பாவமில்லை. "ஒண்ணே ஒண்ணு, மன்னிச்சுக்குங்க" என்று முணுமுணுத்தபடி ஒரு பொட்டலத்தின் ஊதுபத்தியை உருவிப் பக்கத்துப் பொட்டலத்தில் சொருகினாள். ஊசிமுனை ஓட்டைதான். பொட்டலம் உப்பலாக, கனமாக இருந்தது. எடுக்கும்போது லேசாக ஒரு பிடிப்பு, முள்ளில் துணி மாட்டினது போல. இழுத்தாள், வந்துவிட்டது.

மாடிப்படி ஏறும்போது ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். அவள் செருப்பு ஈரமாக இல்லை. களைப்பு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

பொட்டலத்தைப் பெட்டிமேல் வைத்தாள். பட்டனை அமுக்கினாள்.

பீப் இல்லை, கரகரப்பு இல்லை. வாங்கிய அன்றுகூட இவ்வளவு அமைதியாகத் துவங்கியிருக்காது. திரை வெளுத்து அறை எண்கள் வரிசையாக வந்து நின்றன. யூஜென் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, விட்டால் அங்கேயே தூங்கிவிடுவேன் என்று நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். கிருமிநாசினி நெடியையும் இராச் சாப்பாட்டுக் கஞ்சியின் மணத்தையும் மீறித் தேங்காய்ப்பால் வாசனை வந்தது, அதன் பின்னாலேயே ஊதுபத்தி வாசனை, அதற்கும் பின்னால் நாள்பட்ட ஈரத் துண்டின் வாடை.

"எழுந்துடுச்சா! மகராசி!" ஆஜூ வாசலில் நின்று சிரித்தாள். "என்னடி பண்ணினே?"

"சமத்தா இருன்னு சொன்னேன், கேட்டுக்கிச்சு."

மணி அடித்தது. ஒன்றாம் அறை.

"அட, வேலை செய்யுது!" என்று ஆஜூ சந்தோஷமாகவே போனாள். திரும்பி வரும்போது அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. "தூங்கிட்டுத்தான் இருக்கார். வாயை ஆன்னு திறந்து வெச்சுக்கிட்டு."

"கை தெரியாமப் பட்டிருக்கும்."

இரண்டாம் அறை அடித்தது. அந்த அறைக்காரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டில் காலி.

"ஒயர் எங்கேயாவது உரசும்க்கா. பழசு."

மூன்று. ஆஜூ போனாள். இந்த முறை வர நேரமாயிற்று. வந்தவள் விரல்நுனியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கிழமும் வாயைத் திறந்துட்டுத் தூங்குது. உதட்டுல பொரித்தூள் ஒட்டியிருக்கு. யாருடி அதுக்குப் பொரி குடுத்தது?"

யூஜென் அண்ணாந்து பார்த்தாள். பெட்டிமேல் இருந்த பொட்டலம் முன்பு போல உப்பலாக இல்லை. நடுவில் ஒட்டிப்போயிருந்தது. ஆஜூவும் அப்போதுதான் அதைப் பார்த்தாள். அதன் நுனியில் இருந்த சின்ன ஓட்டையையும், ஓட்டையைச் சுற்றிப் படிந்திருந்த சாம்பலையும் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இது ஏது உனக்கு?"

"கீழேருந்துதான்..."

"எரிஞ்சு முடிஞ்சுதா?"

"பாதிதான்க்கா."

"அடிப்பாவி. பத்தி எரியறப்போ அவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்கடி! பந்தியில உட்கார்ந்தவன் இலையை உருவிட்டு வந்தா, அவன் பின்னாலயே வரமாட்டானா?" ஆஜூவின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "அதுங்களுக்குத் தொண்டை ஊசி மாதிரி. புகையாத்தான் உள்ளே இறங்கும். நீ பத்தியையும் பிடுங்கிட்டே. இனிமே அது எப்படித் தின்னும்? தின்ன ஒரு வாயைத் தேடும்."

நான்காம் அறை அடித்தது.

"நான் போய்ப் பத்தி கொண்டு வரேன். நீ அதைத் தொடாதே. பேரைச் சொல்லி யாரையும் கூப்பிடாதே." ஆஜூ படியில் தடதடவென்று இறங்கினாள்.

ஐந்து.

காரிடாரின் கடைசியில் இருப்பது ஒன்பது. வழியில் எங்கும் நிற்காமல் ஒவ்வொரு கதவாக அது நகர்ந்துகொண்டிருந்தது. இந்த இயந்திரத்தை எழுப்பியது தன் கைவேலை இல்லை என்று யூஜெனுக்குத் தெரிந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் அப்பாவின் மணியும் நின்றுவிடும். அந்த விரல் ஒன்றுதான் அவருடைய குரல். அதைத் தன் கையாலேயே நெரிப்பதா? ஒயரைப் பிடித்தபடி தரையில் குந்தியிருந்தாள். பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஆறு.

முற்றத்தில் காகிதப் பணம் கொளுத்தும் வாடை ஜன்னல் வழியே வந்தது. விருந்து முடிந்துவிட்டது. வந்தவர்களை எல்லாம் வழியனுப்புகிறார்கள். ஆஜூ இன்னும் ஏறி வரவில்லை.

ஏழு.

ஒயரைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. ஃபேன் ஓய்ந்தது. எழுந்து பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை. ஒட்டிய விளிம்பு எதுவும் பிரியவில்லை, எங்கும் கிழிசல் இல்லை. அந்த ஊசி ஓட்டை மட்டும்தான். குலுக்கிப் பார்த்தாள். உள்ளே சாம்பல் சரசரத்தது.

மணி அடித்தது.

கையில் ஒயர். கறுத்த திரை. அதில் ஒன்பது என்ற எண் மட்டும் வெளிறி மின்னியது.

ஓடினாள். ஒவ்வொரு அறையாகக் கடந்தாள். கதவுகள் திறந்திருந்தன. உள்ளே கிழடுகள் மல்லாந்து கிடந்தன. எல்லா வாயும் திறந்திருந்தது. தரையெல்லாம் ஈரத் தடம், வெறுங்காலின் தடம். போன தடம்தான். திரும்பி வந்த தடம் இல்லை.

மணி நிற்கவில்லை. விட்டு விட்டு அடித்தது. அமுக்குகிற விரலை அவளுக்குத் தெரியும். சளி அடைத்தால் இப்படித்தான் அமுக்குவார். அவசரமாக. மூன்று, மூன்றாக.

ஒன்பதாம் அறை. விளக்கு எரியவில்லை. ஜன்னலில் தீயின் சிவப்பு.

"அப்பா?"

அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவரால் உட்கார முடிந்ததே இல்லை. முதுகுக்குத் தலையணை இல்லை. யாரோ பின்னாலிருந்து அணைத்துப் பிடித்திருப்பது போல நிமிர்ந்திருந்தார். தோளில் சட்டை நனைந்திருந்தது, ஐந்து விரல் பதிந்த மாதிரி.

விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. கண் அவளையே பார்த்தது. அந்தக் கண்ணில் கண்ணீர் வழிந்தது.

அவள் எத்தனை கெஞ்சியும் திறக்காத வாய் திறந்தது.

அகலமாக. சமத்தாக.

உள்ளே அண்ணம் வரை அடைத்திருந்தது, தேங்காய்ப்பால் மணக்கும் பொரி. வாய் மூடியது. மென்றது. தொண்டைக்குள் ஏதோ மெல்லிய ஊசி போல இறங்கியது.

வாய் மறுபடியும் திறந்தது.